இருபத்தேழாயிரத்து எழுநூற்று இருபத்தொன்று

எங்கள் ஊருக்கு அந்த எண் வந்து உட்கார்ந்தது ஒரு பங்குனிக் காலையில், புளியங்கொட்டை எண்ணுகிற நேரத்தில். அதைப் பார்த்து ஒருவரும் ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் பங்குனி பிறந்தால் எங்கள் ஊருக்கு யார் யாரோ வருவார்கள், வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் வருவார்கள், பம்பாயில் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார் வருவார்கள், பலூன்காரர் வருவார், ஜவ்வுமிட்டாய்காரர் வருவார், அவர்களோடு ஒரு எண்ணும் வந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் போகிற மாதிரி வந்தார்கள். எண் மட்டும் போகிற மாதிரி வரவில்லை.

செம்மணல்விளையில் வருஷத்துக்கு ஒரு தடவை பொதுச்சோறு. கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர், பரோட்டாக் கடையைத் தவிர எங்கேயும் போகாதவர் எல்லாரும் வற்றிக் கிடக்கும் குளத்துக்குள் இறங்கி, ஒரே பந்தியாக உட்கார்ந்து, நடுக்குளத்துப் பொதுக்கிணற்றுத் தண்ணீரில் பொங்கிய சோற்றை ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். சமைத்தவரும் பரிமாறியவரும்கூட இலைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் முதல் கவளம். பச்சைப்பிள்ளைக்கும் ஒரு இலை உண்டு. எத்தனை இலை என்று தெரிய, தலைக்கு ஒரு புளியங்கொட்டையைக் கிணற்றடிக் கூடையில் போடுவோம். குளத்தங்கரையில் பொதுச்சோற்றுக் கொடி ஏறியதிலிருந்து சோறு உண்டு முடிகிற வரைக்கும் எந்த வீட்டிலும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. இது ஒரு கட்டுப்பாடு. இன்னொன்று பாய். எங்கள் பனையோலைப் பாயில் பன்னிரண்டு பேர் உட்காரலாம், பன்னிரண்டு பேரும் உட்கார்ந்தாக வேண்டும், எங்காவது ஒரு பாயில் ஒரு இடம் காலியாக இருந்தாலும், ஒரு ஆள் பாயில்லாமல் நின்றாலும், ஊர் முழுக்க ஒருத்தரும் சோற்றில் கை வைக்கக் கூடாது.

அந்த வருஷம் கொட்டை இருபத்தேழாயிரத்து எழுநூற்று இருபத்தொன்று வந்தது.

பன்னிரண்டு பன்னிரண்டாக உட்கார்ந்தோம். கடைசியில் மூக்காண்டித் தாத்தா மட்டும் பாயில்லாமல் நின்றார். மீதி விழுவது புதிதல்ல, விழுந்தால் பக்கத்து ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்து பாயை நிரப்புவோம். அன்றைக்கும் வேன் போனது, பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பதினொரு பேரும் இறங்கிய அதே நேரத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் பதினொரு பேருக்கு வெளியூரில் அவசர வேலை ஞாபகம் வந்தது, ஒருத்தருக்குச் சீக்காளி அத்தை, ஒருத்தருக்குக் கோர்ட்டு வாய்தா, ஒருத்தருக்கு என்னவென்றே தெரியாத ஒரு பதற்றம், வந்த வேனிலேயே ஏறிப் போய்விட்டார்கள். மறுபடி கொட்டை போட்டு எண்ணினால் இருபத்தேழாயிரத்து எழுநூற்று இருபத்தொன்று. மேலத்தெருவில் ஒரு கிழவர் இறந்தார், அவர் கொட்டையை எடுப்பதற்குள் ரயிலில் ஒரு மருமகன் வந்து இறங்கினார். ஊர் புரிந்துகொண்டது. டீக்கடையில் அதைப் பற்றி, வந்து தங்கிவிட்ட ஒரு தூரத்து மாமாவைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசினார்கள்.

"எண்ணு உக்காந்துட்டுவே."

"உக்காரட்டும். அதுக்குமா இலை போடப் போறோம்?"

ஆட்டோக்காரர்கள் வண்டிக்குப் பின்னால் அந்த எண்ணை எழுதிக்கொண்டார்கள். பரோட்டாக்கடை ஷேக் பாய் பூட்டிய கடைக்கு முன்னால் நின்றுகொண்டு, "பரோட்டா போட முடியாது, எண்ணப் பாத்துட்டுப் போங்க" என்று கதவில் சாக்பீஸால் எழுதிவைத்தார். இரண்டு வீட்டில் அதைச் சுவரில் எழுதி அதற்கு விளக்கேற்றினார்கள். அதுவரைக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. பசி அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

நான் கனிமலர். அந்தப் பெயரில் என்னை ஊரில் ஒருத்தரும் கூப்பிட்டதில்லை, ஸ்பீக்கர் என்பார்கள். எனக்கு எல்லார் குரலும் வரும். தலைமையாசிரியை குரலில் பத்தாம் வகுப்புக்கு லீவு விட்டிருக்கிறேன். கண்டக்டர் குரலில் ஓடுகிற பஸ்ஸை நிறுத்தியிருக்கிறேன். சண்டை போட்டுப் பேசாமலிருந்த புருஷன் பொண்டாட்டி இரண்டு பேர் குரலையும் சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று பேசி, மன்னிப்புக் கேட்கவைத்து, மறுபடி சண்டை மூட்டியிருக்கிறேன். ஊர்த்தலைவர் ஆறுமுகப்பெருமாள் அண்ணாச்சி மைக்கைப் பிடித்தால் முதலில் தொண்டையை மூன்று வளைவு வளைத்து ஒரு கனைப்புக் கனைப்பார், அந்தக் கனைப்பைக் கேட்டால் நாய்கூட எழுந்து நிற்கும். அந்தக் கனைப்பு என் தொண்டையிலும் உண்டு.

சரி. பாயை மடித்தார்கள். பதினொரு பேராக உட்கார்ந்தோம், மூக்காண்டித் தாத்தா மீதி. இன்னும் ஒரு மடிப்பு மடித்துப் பத்துப் பேராக உட்கார்ந்தோம், மூக்காண்டித் தாத்தா மீதி. ஒன்பது பேராக உட்கார்ந்தோம், எட்டுப் பேராக உட்கார்ந்தோம், ஏழு பேராக உட்கார்ந்தபோது தாத்தாவை முதல் பாயில் முதல் இடத்தில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் இரண்டு பயில்வான்கள் பிடித்துக்கொண்டார்கள், ஆனாலும் பின்னால் இருந்து நெருக்கி, பக்கத்தில் இருந்து நகர்ந்து, மடியிலிருந்த குழந்தைகள் இறங்கி இடம் பிடித்து, எல்லாம் அடங்கியபோது பயில்வான்கள் உட்கார்ந்திருந்தார்கள், தாத்தா நின்றுகொண்டிருந்தார். ஆறாக உட்கார்ந்தோம், ஐந்தாக உட்கார்ந்தோம், நாலாக உட்கார்ந்தோம், மூன்றாக உட்கார்ந்தோம், பாயெல்லாம் மடிந்து மடிந்து தலையணை மாதிரி ஆகிவிட, கடைசியில் புருஷனும் பொண்டாட்டியுமாக, மாமியாரும் மருமகளுமாக, ஜென்மப் பகையாளிகளாக, இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்தோம். குளம் முழுக்க ஜோடிகள். நடுவில் மூக்காண்டித் தாத்தா, கையில் இலையோடு.

ஒவ்வொரு தடவையும் சோறு ஆறியது. ஆறிய சோற்றை மாட்டுக்குக் கொட்டினோம். மறுநாள் மறுபடி பொங்கினோம். வீட்டில் அடுப்பில்லை. பிள்ளைகளுக்கு வாழைப்பழமும் கடலைமிட்டாயும் கொடுத்தார்கள், பிறகு அதுவும் தீர்ந்தது, பால் வந்தால் பச்சைப்பாலாகக் குடித்தோம். பசியில் ஊருக்குச் சத்தம் குறைந்துபோனது. சத்தம் குறைந்ததும் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது, ஏனென்றால் ஊர் சத்தமில்லாமல் யோசிப்பதை நான் அதுவரை கேட்டதில்லை.

மூக்காண்டித் தாத்தாதான் முதலில் சொன்னார். "நான் சங்கரன்கோயில்ல மவ வீட்டுக்குப் போயிருதேன். நீங்க சாப்பிடுங்க."

எல்லாரும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் வைத்தார்கள். பஸ் வளைவு திரும்பியதும் பாயை விரித்தோம், பன்னிரண்டு பன்னிரண்டாக உட்கார்ந்தோம், ஒரே ஒரு இடம் காலி, அதற்கு ஆள் தேடப் போகிற நேரத்தில் குளத்தங்கரையில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அந்த இடத்துக்காரி ஜமீலா அக்கா, காலையில் நிறைமாதமாக ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவள், பாதி வழியிலேயே பிள்ளை பெற்றுத் திரும்பி வந்திருந்தாள். ஆண் குழந்தை. குலவை போட்டோம், அதற்கும் ஒரு இலை போட்டோம், நெருக்கி நகர்ந்து இடம் விட்டோம். எல்லாம் அடங்கியதும் பார்த்தால் எங்கள் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

புஷ்பகலா, என் அக்கா. தையல்கடை வைத்திருக்கிறாள். ஊரில் பாதிப் பேர் உடம்பின் அளவு அவளுக்குத் தெரியும், ஒருத்தர் ரகசியத்தையும் ஒருத்தரிடம் சொன்னதில்லை. இரண்டு இடத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள், அவள்தான் யோசிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அன்றைக்கு இலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நான் மூக்காண்டித் தாத்தா குரலில், "நீங்க சாப்பிடுங்க, நான் சங்கரன்கோயிலுக்குப் போறேன்" என்றேன். அவள் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்குத்தான் கணக்கு சார் தேவசகாயம் மைக்கைக் கேட்டு வாங்கினார். மெலிந்த மனிதர், வாக்கியத்துக்கு ஒரு "புரியுதா?" போடுவார். பசியில் அவர் முகம் இன்னும் கூராகியிருந்தது, ஆனால் கண்ணில் ஒரு சந்தோஷம்.

"இருபத்தேழாயிரத்து எழுநூற்று இருபத்தொன்ன ரெண்டால வகுத்தாலும் மீதி ஒண்ணு, மூணால வகுத்தாலும் மீதி ஒண்ணு, பன்னெண்டு வரைக்கும் எதால வகுத்தாலும் மீதி ஒண்ணு. புரியுதா? ஏன்? பன்னெண்டு வரைக்கும் எல்லா எண்ணாலயும் மீதியில்லாம வகுபடுற ஆகச் சின்ன எண்ணு எது தெரியுமா? இருபத்தேழாயிரத்து எழுநூற்று இருபது! அதுக்குக் கீழ அப்படி ஒண்ணு கிடையாது. ரெண்டு பேரா உக்காரலாம், மூணு பேரா உக்காரலாம், ஏழு பேரா, பதினொரு பேரா, எப்படி வேணும்னாலும் உக்காரலாம், ஒருத்தர் மனசும் நோகாது. எவ்வளவு நல்ல ஊரு! எவ்வளவு அழகான ஊரு! அந்த ஊருக்கும் நமக்கும் நடுவுல..." அவர் நிறுத்தினார். யார் பக்கமும் திரும்பிப் பார்க்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு. புரியுதா?"

ஹாரன் குழாய்கள் அதைக் குளம் முழுக்கச் சொல்லின. எல்லாருக்கும் புரிந்தது.

அதன்பிறகு ஊர் அந்த எண்ணை, வந்து உட்கார்ந்த எண்ணையல்ல, வராத எண்ணை, காதலிக்க ஆரம்பித்தது. இருபத்தேழாயிரத்து எழுநூற்று இருபது என்று சுவர்களில் எழுதினார்கள். பிள்ளைகள் அதைச் சொல்லிக்கொண்டே கயிறு தாண்டினார்கள். பெண்கள் அதைச் சொல்லிக் கைக்குழந்தைகளைத் தூங்கவைத்தார்கள். சண்டைக்காரர்கள்கூட அதைச் சொல்லும்போது ஒருத்தர் தோளை ஒருத்தர் தொட்டுக்கொண்டார்கள். அக்காவை யாரும் திட்டவில்லை. அதுதான் பயம். தெருவில் அவளைக் கண்டால் வழி விட்டார்கள். தைக்கக் கொடுத்த துணியை அரைகுறையாகவே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். "நல்ல பிள்ளை" என்று அவள் காதுபடச் சொன்னார்கள், "நல்ல பிள்ளையா இருந்துச்சு" என்று அவள் போன பிறகு சொன்னார்கள்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு, "திருநெல்வேலியில சித்தி வீட்டுக்குப் போறேன், ஊரு சாப்பிடட்டும்" என்று கிளம்பியபோது, தலைவர் அண்ணாச்சியே வாசலில் வந்து நின்றார். கூடக் கமிட்டிக்காரர்கள் மூன்று பேர்.

"எங்க தாயி போற?"

"ஊர விட்டுப் போறேன் அண்ணாச்சி. மீதி விழாதுல்லா?"

அண்ணாச்சி மிருதுவாகச் சிரித்தார். "மூக்காண்டியும் போனாரு. என்ன ஆச்சு? ஒண்ணு போனா ஒண்ணு வருது. ஊர விட்டுப் போனாப் போதாது தாயி." தொண்டையை மூன்று வளைவு வளைத்துக் கனைத்தார். "கணக்க விட்டுப் போகணும்."

அந்தக் கனைப்பை நான் ஆயிரம் தடவை செய்து ஆயிரம் பேரைச் சிரிக்கவைத்திருக்கிறேன். அன்றைக்கு என் முதுகெலும்பில் பல்லி ஏறுவது மாதிரி இருந்தது.

மறுநாள் ஒரு தாம்பாளம் வந்தது. பச்சைப் பட்டுச் சேலை, மல்லிகைப்பூ, ஒரு சீப்பு வாழைப்பழம். ஊரில் அப்போது வேறு எங்கும் வாழைப்பழம் கிடையாது. நாளைக்கு மத்தியானம், சோறு போட்ட பிறகு, இன்னொருத்தர் ஊருக்குள் வந்து சேருவதற்குள், கமிட்டியார் புஷ்பகலாவைப் பொதுக்கிணற்றைப் பார்க்கக் கூட்டிப்போவார்கள் என்று தாம்பாளம் கொண்டுவந்த பெண்கள் சொன்னார்கள். கிணற்றில் என்ன பார்க்க இருக்கிறது என்று சொல்லவில்லை. அம்மா அக்காவை உட்காரவைத்துத் தலை சீவ ஆரம்பித்தாள்.

"சும்மா கிணத்தப் பாக்கத்தானட்டி கூப்பிடுதாவ" என்று சொல்லிக்கொண்டே சீவினாள், ஒரே வகிடை எடுத்து எடுத்துக் கலைத்தாள். பசியா பயமா என்று தெரியவில்லை.

"ஆமாம்மா" என்றாள் அக்கா. "நான் பாத்ததே இல்லைல்லா."

நான் பின்கட்டுக்கு ஓடினேன். அம்மா போனை எடுத்துக் கணக்கு சாரைக் கூப்பிட்டேன். சார் கண்ணாடியில்லாமல் போனில் யார் பெயரையும் படிக்க மாட்டார், குரலைத்தான் பார்ப்பார். மூன்று வளைவு வளைத்துக் கனைத்தேன்.

"சாரே, ஆறுமுகம் பேசுதேன். ஒரு சந்தேகம்வே. பன்னெண்டுக்குக் கீழ எல்லாம் பாத்தாச்சு. மேல ஏதாவது இருக்கா? அந்தப் பிள்ளையையும் உக்கார வச்சு, மீதி இல்லாம?"

சார் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "இருக்குங்கய்யா."

"எது?"

"பதிமூணுல அஞ்சு மீதி. பதினாலு, பதினஞ்சுல மறுபடி ஒண்ணு. பதினாறுல ஒம்பது, பதினேழுல பதினொண்ணு, பதினெட்டுல பழையபடி ஒண்ணு. பத்தொம்பதுல மீதியே இல்ல. பத்தொம்பது பேரு, ஆயிரத்து நானூத்து அம்பத்தொம்பது வரிசை. கச்சிதம்."

எனக்கு என் குரல் தொண்டைக்குள் குதித்தது. அதை அமுக்கினேன். "அப்போ ஏன்வே சொல்லல?"

"என்னங்கய்யா நீங்க, பத்தொம்பதுக்கு எங்க பாயி இருக்கு? பாயில்லாம மண்ணுல உக்காருறதா? அதுவும் பத்தொம்பது! எதுக்கும் மடங்காத எண்ணு, பாதியாக்க முடியாது, மூணாக்க முடியாது, அசிங்கம் பிடிச்ச எண்ணுங்கய்யா. அந்தப் பக்கம் இருபத்தேழாயிரத்து எழுநூற்று இருபதப் பாருங்க. முப்பது வருஷமா கணக்கு சொல்லிக்குடுக்கேன், அந்த மாதிரி ஒரு ஊருல இருக்கணும்னு..." சார் விம்மினார். "ஒரே ஒரு பிள்ளைதானங்கய்யா. புரியுதா?"

போனை வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி ஓடினேன். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். "பத்தொம்பது பத்தொம்பதா உக்காந்தா மீதி இல்ல, கணக்கு சாரே சொன்னாரு, எங்கக்காவ விட்டுருங்க!" கத்தினேன், அழுதேன், காலைப் பிடித்தேன். அவர்கள் காதைச் சாய்த்துக் கேட்டார்கள். பிறகு சிரித்தார்கள். பசியிலும் சிரித்தார்கள்.

"ஏ ஸ்பீக்கரு, இது யாரு கொரலு? புதுசா இருக்கே!"

"மேலத்தெரு கமலாச் சித்தி மாதிரி இருக்கு."

"இல்லவே, சினிமாவுல ஒருத்தி அழுவாளே, அவ மாதிரி."

"நல்லா அழுதுட்டி. இன்னொரு தடவ அழு."

என் குரலை ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. நான் அதை ஒருத்தருக்கும் காட்டியதே இல்லை.

மறுநாள் மத்தியானம் வெயில் குளத்து மணலைப் பொரித்துக்கொண்டிருந்தது. பாய் விரித்தோம், இலை போட்டோம், சோறு வைத்தோம், பருப்பு விட்டோம், நெய்யும் விட்டார்கள், அன்றைக்கு எப்படியும் சாப்பிட்டுவிடுவோம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பன்னிரண்டு பன்னிரண்டாக உட்கார்ந்தோம். அக்கா பச்சைப் பட்டில், தலை நிறைய மல்லிகையோடு, வரிசைகளுக்கு வெளியே தனியாக நின்றாள். அண்ணாச்சியும் கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும் தங்கள் இலைகளை விட்டு எழுந்தார்கள்.

"கிணத்தப் பாத்துட்டு வந்துருவோம், வா தாயி."

அப்போது ஊர் ஒரு காரியம் செய்தது. எல்லாரும் ஒன்றாகத் தலையைக் குனிந்தார்கள். சோற்றையே பார்த்தார்கள். கிழவரும் பிள்ளைகளும், ஷேக் பாயும் ஜமீலா அக்காவும், எங்கள் அம்மாவும். ஒரு சத்தமில்லை, ஒரு காக்கை இல்லை. அக்காவின் கொலுசு மட்டும் கிணற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் குனிந்த தலைகளுக்கு நடுவே தவழ்ந்தேன், பிறகு ஓடினேன். யாரும் பார்க்காமலிருக்க எல்லாரும் அவ்வளவு கவனமாக இருந்ததால் என்னையும் யாரும் பார்க்கவில்லை. குளத்தங்கரைத் தகரக் கொட்டகையில் மைக் செட் தனியாக முனகிக்கொண்டிருந்தது, மைக்காரர் கந்தையாவும் கீழே எங்கேயோ தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தேன். தொண்டையை மூன்று வளைவு வளைத்தேன்.

கனைப்பு குளத்தின் நாலு மூலையிலும் இருந்து வந்தது. இருபத்தேழாயிரம் முதுகுகள் நிமிர்ந்தன. கிணற்றடியில் நாலு பேரும் நின்றார்கள்.

"அன்பார்ந்த ஊர்ப் பொதுமக்களே! தலைவர் பேசுகிறேன். எல்லாரும் எந்திரிங்க. இலையக் கையில எடுங்க, சோறு சிந்தாம! பாயச் சுருட்டிக் கரையில போடுங்க. நம்ம ஆத்தா மடி மாதிரி இந்த மணலு, இதுல உக்கார நமக்கு என்ன வெக்கம்? பத்தொம்பது பேரா உக்காருங்க. பத்தொம்பது! கமிட்டியார் அந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வந்து வரிசையில உக்காருங்க. இது என் உத்தரவு!"

ஊர் எழுந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் குழாய்கள் சொல்லி எழுந்த ஊர், குழாய்கள் சொல்லி உட்கார்ந்த ஊர், எழுந்து பாயைச் சுருட்டியது. கிணற்றடியில் அண்ணாச்சி வாயைத் திறந்தபடி நின்றார், தன் குரல் தன்னை விட்டு வானத்தில் பேசுவதைக் கேட்டார், கொஞ்ச நேரம் அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும், தான்தான் சொன்னோமோ என்று. கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும் அக்காவின் கையை விட்டுவிட்டு இலையைத் தேடி ஓடினார்கள். மணலில் வரிசைகள் விழுந்தன, பத்தொன்பது, பத்தொன்பது, பத்தொன்பது, முதல் வரிசை நிறைந்தது, நூறாவது வரிசை நிறைந்தது, ஆயிரமாவது வரிசை நிறைந்தது, நான் மைக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையில் நின்று பார்த்தேன், கடைசி வரிசையில் அக்கா பதினெட்டாவதாக உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் ஒரு இலை. சோறு வைத்த இலை. அதற்கு முன்னால் ஆள் இல்லை.

வரிசை நிறையாமல் யாரும் கை வைக்கக் கூடாது. ஊர் அந்த இலையைப் பார்த்தது. பிறகு மெதுவாக, வரிசை வரிசையாக, எல்லா முகங்களும் கரைப்பக்கம் திரும்பின. பச்சைப்பிள்ளை முகமும் திரும்பியது.

ஓடிவிடலாம் என்று நினைத்தேன். மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

கணக்கு சார் எழுந்து நின்றார். அவர் கண்ணில் தண்ணீர், முகத்தில் ஒரு வெளிச்சம். "எல்லாரும் பாருங்க! இப்ப இங்க இருக்கிறது எத்தனை? அவ ஒருத்திதான் வெளிய நிக்கா. உள்ள இருக்கிறது இருபத்தேழாயிரத்து எழுநூற்று இருபது! புரியுதா? அழகு வந்துட்டு! இந்தப் பிள்ளைய விடுங்க, அந்தப் பிள்ளை போதும்!"

அண்ணாச்சியும் கிணற்றடியிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். "பாய விரிங்கடா! அவளப் பிடிங்கடா! நான் அப்படிச் சொல்லலடா!" மைக் இல்லாத அவர் குரல் அவ்வளவு சின்னது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"யாருவே அது சத்தம் போடுறது?" என்று ஒருத்தர் கேட்டார். "தலைவரு இப்பத்தான சொன்னாரு. உக்காரும்."

யாரும் எழவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் சாயக்கூடிய ஒரு மௌனம், ஒரு குழந்தை அழுதால் போதும், எழுந்து ஓடிவந்து என்னைப் பிடித்துவிடுவார்கள், அல்லது பிடிக்கமாட்டார்கள். சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அக்கா பக்கத்து இலையில் விழுந்திருந்த மணலை ஊதினாள். விரலால் தண்ணீர் தெளித்தாள்.

"ஏட்டி" என்றாள், பக்கத்து அறையில் இருக்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி. "சோறு ஆறுது."

ஷேக் பாய் நாலு வரிசைக்கு அப்பாலிருந்து எழாமலே தலையைத் திருப்பினார். "சார்வாள், அந்தப் பிள்ளை இப்ப வந்து உக்காந்துரும்னு வைங்க. நீரு இப்படியே நின்னீருன்னா, யாரு மீதி?"

சார் சுற்றிலும் பார்த்தார். குளம் முழுக்க உட்கார்ந்த தலைகள். நடுவில் அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கரைப்பக்கம் திரும்பியிருந்த முகங்களில் பக்கத்திலிருந்த சில முகங்கள் இப்போது அவர் பக்கம் திரும்பின. அப்புறம் இன்னும் சில. "புரியு..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. மணலில் பொத்தென்று உட்கார்ந்தார். அதைப் பார்த்த ஆறுமுகப்பெருமாள் அண்ணாச்சி, ஊரையே எழுந்து நிற்கவைத்த மனிதர், தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து, தனக்காக விட்டிருந்த இடைவெளியில் தன்னைத் திணித்துக்கொண்டார்.

இப்போது நிற்பது நான் மட்டும்.

கரையிலிருந்து இறங்கினேன். வரிசைகளுக்கு நடுவே நடந்தேன். யார் யார் குரலையெல்லாம் எடுத்தேனோ அவர்கள் எல்லாரையும் கடந்து போனேன், தலைமையாசிரியை, கண்டக்டர், அந்தப் புருஷன், அந்தப் பொண்டாட்டி. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், ஒரு கை நீண்டால் போதும் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு அடியும் வைத்தேன். ஜமீலா அக்கா கால் தடுக்காமலிருக்கப் பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கடைசி வரிசைக்கு வந்தேன். பத்தொன்பதாவது இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

குளம் முழுக்க ஒரே நேரத்தில் கைகள் சோற்றில் இறங்கின. அந்தச் சத்தத்தை இன்றைக்குவரை என்னால் செய்துகாட்ட முடியவில்லை.

அதன்பிறகும் எண் எங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. கல்யாணமானாலும் துக்கமானாலும் பத்தொன்பது பேராகத்தான் உட்காருகிறோம், உட்காரும்போது யாரும் பேசுவதில்லை, கடைசியாக நிற்பது நாமாகிவிடக் கூடாதே என்று எல்லாரும் அவசர அவசரமாக உட்காருகிறோம். எங்கள் அக்காவைப் பார்த்து யாரும் நேராகச் சிரிப்பதில்லை. அந்தப் பச்சைப் பட்டை அவள் வெட்டித் தையல்கடைக்குத் திரைச்சீலையாகத் தைத்துப் போட்டிருக்கிறாள், துணி கொடுக்க வருகிறவர்கள் அதை ஒதுக்கிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

ஆனால் அன்றைக்கு, முதல் கவளம் அள்ளும்போது, அக்கா என் பக்கம் குனிந்து கேட்டாள். "பயமா இருந்துச்சாட்டி?"

அண்ணாச்சி குரலில் ஒரு பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. கண்டக்டரைத் தேடினேன், தலைமையாசிரியையைத் தேடினேன், ஒருத்தரும் வரவில்லை. "இருந்துச்சு" என்று ஏதோ ஒன்று வந்தது, மெலிசாக, கரகரப்பாக, யாருடையதும் இல்லாமல்.

அக்காவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. பேசியது யார் என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. வரிசை என்னோடு முடிந்திருந்தது.

"இது யாரு கொரலு?" என்றாள்.

"தெரியலக்கா" என்றேன், அதே குரலில்.